நிதானமா சொல்லுங்க

மங்கையர்க்கரசி கூடத்துத் தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். மணி மூன்றே கால். நாலு மணிக்குள் அவன் கூப்பிடுவான். கூப்பிடாமலும் போகலாம். எட்டு நாளாக யாரும் எடுக்காத நம்பரை எவன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பான்? ஆனாலும் கூப்பிடுவான் என்றுதான் தோன்றியது, ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கணவருடைய போன் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், நாலாக மடித்த துண்டின் மேல் கிடந்தது. வெறுந்தரையில் வைத்தால் அது அதிரும்போது டர்ரென்று சத்தம் வரும், உள்ளே கட்டிலில் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். துண்டை மடித்துப் போட்ட பிறகுதான், தான் செய்கிற காரியம் ஒரு திருட்டுக் காரியம் போல இருக்கிறதே என்று அவளுக்குப் பட்டது. திருடனைப் பிடிக்கத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிடிக்கவா, இல்லை அவன் குரலைக் கேட்கவா என்று இன்னொரு கேள்வி வந்தது. அதற்குள் ரத்த அழுத்த மாத்திரையின் அட்டை தீர்ந்துபோய் அடுத்ததை எடுக்க வேண்டியிருந்தது. டப்பா, மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பியது. ஏழு நாளுக்கு ஏழு மூடி, மூடிக்கு மூடி அந்த நாளின் முதல் எழுத்து ஆங்கிலத்தில். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. எந்த மகராசன் செய்தானோ, வியாதிக்காரனுக்காகச் செய்கிற சாமானில் இப்படியா செய்வான் என்று முணுமுணுத்துக்கொண்டே காலண்டர் தாளைக் கிழித்து செ, வி, ச, ஞா என்று எழுதி ஒட்டிவைத்திருந்தாள். செவ்வாயின் மூடியைத் திறக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. பணம் போனது ஒரு செவ்வாய்க்கிழமை.

வைத்திலிங்கம் முப்பத்தொரு வருஷம் கும்பகோணம் மயிலாடுதுறை வழித்தடத்தில் கண்டக்டர். நாள் பூராவும் பஸ்ஸில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தும் பேசுவார். செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் தலையணையில் தலை வைக்கிறவரை ஓயாது. ஆடுதுறையில் ஆட்டுக்குட்டியோடு ஏறினவள், குத்தாலத்தில் சில்லறைக்கு மல்லுக்கு நின்ற வாத்தியார், டிரைவரின் மச்சினிக்கு வந்த வரன். கேட்பது மங்கையர்க்கரசியின் வேலை. அவளிடமும் சொல்ல ஏதாவது இருக்கும். 'இன்னைக்கு மத்தியானம் என்னாச்சு தெரியுமா' என்று தொடங்குவாள். 'கேஸ்காரன் வந்தானா' என்பார் அவர். வந்தது கேஸ்காரன் இல்லை, பக்கத்துத் தெருவில் ஒரு பசுமாடு கிணற்றில் விழுந்து தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் அவர் அதற்குள் கேஸ்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கல்யாணமான முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை அவரிடம் சொல்லி முடித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அதைக் குறையாக எடுத்துக்கொண்டதும் இல்லை. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, வாய்தான், வாய் ஒரு குற்றமா. இப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓய்வு பெற்ற பதினோராம் மாதம், ஐப்பசியில் ஒரு காலை, பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவரின் குரல் ஒரு செய்தியின் பாதியில் நின்றது. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள், அப்பாடா என்று நினைத்தாள். நினைத்தது உண்மை. பேப்பர் சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த அமைதியில் தோசை ஓரம் முறுகுகிற ஓசைகூடக் கேட்டது, அது காதுக்கு நன்றாக இருந்தது, இரண்டாவது தோசையையும் வார்த்து எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டுதான் கூடத்துக்கு வந்தாள். பேப்பர் மடியில் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் 'எத்தனை மணிக்கு ஆச்சு?' என்று கேட்டார். 'இப்பத்தாங்க, ஒடனே கூட்டியாந்துட்டோம்' என்றாள். இரண்டு தோசை நேரத்தை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் மருந்து மாறியிருக்குமா, மாறாமல் இருந்திருக்குமா? நாலு நிமிஷம் இருக்கும். ஐந்தும் இருக்கலாம். கல் சூடாக இருந்ததால் நாலுதான் இருக்கும்.

கையும் காலும் முக்கால்வாசி திரும்பிவிட்டன. பேச்சுதான் திரும்பவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை, யார் என்ன சொன்னாலும் புரிகிறது, தாகம் எடுத்தால் சொம்பைத்தான் பார்க்கிறார், தண்ணி என்கிற சொல் மட்டும் வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. ஆனால் வரிசையாக வருகிறதெல்லாம் வருகிறது. அவளுக்கு இன்னும் பிடிபடாத அதிசயம் இது. தொடங்கிக் கொடுத்தால் போதும், கும்பகோணம் திருவிடைமருதூர் கோவிந்தபுரம் ஆடுதுறை நரசிங்கம்பேட்டை திருவாலங்காடு குத்தாலம் மயிலாடுதுறை என்று பஸ் போகிற வேகத்தில் சொல்லிவிடுவார். ஒன்று இரண்டு மூன்று நூறு வரைக்கும் சொல்வார். நடுவிலிருந்து ஒன்றைத் தனியாகப் பிடுங்கித் தரச் சொன்னால்தான் முடியாது. ஏழு என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றிலிருந்து நடந்து வந்து ஏழில் நிற்க வேண்டும். தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், சின்ன வயசு, கண்ணாடி போட்டவள், மங்கையர்க்கரசியைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள்: 'அவர் தேடட்டும்மா. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, வரலன்னா இன்னும் ஒரு பத்து.' சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் அவர் 'து… து…' என்றதும் மூன்று எண்ணுவதற்குள் 'துண்டா? இந்தாங்க' என்று நீட்டிவிடுவாள். அடுப்பில் குழம்பு இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிற நேரம், பத்துவரைக்கும் எண்ண யாரால் முடியும். காரணமெல்லாம் சரிதான். ஆனால் துண்டா என்று கேட்டு அது துண்டாகவே இருந்துவிடும்போது நாக்கில் ஒரு ருசி தட்டுகிறது, அந்த ருசிக்கு என்ன காரணம் சொல்வது. முப்பத்து மூன்று வருஷம் அவர் அவளுடைய வாக்கியங்களை முடித்தார், இப்போது அவள் அவருடைய வாக்கியங்களை முடிக்கிறாள். துண்டாக இல்லாமலும் இருந்திருக்கலாம். துடைப்பமாக, துளசியாக, துக்கமாக இருந்திருக்கலாம். அவர் துண்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார், சொல்லத்தான் முடியாதே.

வெள்ளை மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டும். கத்தி வைத்து அழுத்தினாள், ஒரு பாதி பெரிதும் ஒரு பாதி சிறிதுமாக உடைந்தது. பெரியதைத் திங்களிலும் சிறியதைச் செவ்வாயிலும் போட்டாள். அந்தச் செவ்வாய் மத்தியானம் அவள் ரேஷன் கடையில் இருந்தாள். அந்த நேரத்தில்தான் அவன் முதன்முதலாகக் கூப்பிட்டிருக்கிறான். பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், உங்கள் உயிர்ச்சான்று புதுப்பிக்கப்படவில்லை, நீங்கள் உயிரோடு இருப்பதாக எங்கள் கணக்கில் இல்லை, இன்றைக்குள் செய்யாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும், போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதும். இதெல்லாம் அவளாக ஊகித்தது, தேன்மொழி ஊகித்தது, புகார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர் இப்படித்தான் எல்லாருக்கும் சொல்கிறார்கள் என்று சொன்னது. நிச்சயமாகத் தெரிந்தது போனில் இருந்த நாலு குறுஞ்செய்திகளும், அவற்றுக்கு மேல் பணம் எடுத்ததாக வங்கி அனுப்பிய ஒன்றும் மட்டும்தான். நாலிலும் ஆறு ஆறு எண்கள். ஐந்து நிமிஷத்தில் காலாவதியாகிற எண்கள். ஆறு எண் சொல்ல ஐந்து நிமிஷம் யாருக்காவது போதாமல் போகுமா? வைத்திலிங்கத்துக்குப் போதவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒன்றிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நாலு. பிறகு ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு எட்டு, எட்டு. மூன்று தடவை நேரம் தீர்ந்துபோய், அவன் மூன்று தடவையும் புதிதாக அனுப்பி, நாலாவது தடவை இவர் சொல்லி முடித்துவிட்டார். அவள் சர்க்கரையும் பருப்புமாகப் படியேறி வந்தபோது மனுஷன் வாசலிலேயே நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி மலர்ந்த ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. இடது கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார், பிறகு ஒற்றை விரலைக் காட்டினார். 'என்ன, ஆறு மணிக்கு யாராச்சும் வராங்களா?' என்று கேட்டாள். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டி மறுபடியும் ஐந்து விரல், ஒரு விரல். 'ஆறு ரூவா சில்லறையா?' என்றாள். பிறகு பையை அடுப்படியில் வைக்கப் போய்விட்டாள். அன்று ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏ.டி.எம். போனபோதுதான் தெரிந்தது. பென்ஷன் கணக்கில் இருந்ததைத் துடைத்து எடுத்திருந்தான். நல்லவேளையாக வைப்புத்தொகை வேறு இடத்தில் இருந்தது. புகார் நம்பருக்குப் பேசியது, வங்கிக்குப் போனது, காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்தது, இதெல்லாம் அவள் நினைவில் வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சப்பென்று கிடந்தது. பதிவு எண் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், பணம் வந்தால் வரும். தேன்மொழி வீடியோவில் வந்து, 'அம்மா, அந்தப் பல்சக்கரம் மாதிரி இருக்கறத அமுக்கு, கீழ போ, இன்னும் கீழ போ' என்று வழி சொல்லி, தெரிந்தவர்கள் நம்பர் தவிர வேறு எதுவும் மணி அடிக்காதபடி அப்பாவின் போனைப் பூட்டினாள். 'இனிமே ஒரு பய அப்பாவத் தொட முடியாது' என்றாள். கெட்டிக்காரப் பெண். அவள் செய்ததில் தப்பே இல்லை. ஆனால் பூட்டின பிறகு போன் செத்துவிட்டது. அதற்கு முன்னால் நாளைக்குப் பதினைந்து தடவையாவது அடிக்கும். மனை வாங்குகிறீர்களா, கடன் வேண்டுமா, முட்டிவலிக்குத் தைலம் வேண்டுமா. அவர் ஒன்றையும் விடாமல் எடுப்பார், 'ஆ… ஆ…' என்பார், அவர்கள் ஐந்து விநாடியில் வைத்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் என்று பதினெட்டு நம்பர் இருக்கிறது. எட்டு நாளில் அந்தப் பதினெட்டிலிருந்து மூன்று தடவைதான் அடித்தது, மூன்றும் தேன்மொழி. 'அப்பா, நல்லா இருக்கியா? சாப்டியா? சரிப்பா சரிப்பா, அம்மாட்ட குடு.' நாற்பது விநாடி. அவர் இடது கையில் போனை வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், வராத பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி.

இதில் அவளுக்கு இடறியது ஒரே ஒரு விஷயம். அந்த நம்பரிலிருந்து செவ்வாயோடு அழைப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. புதன், நாற்பத்தோரு நிமிஷம். வியாழன், இருபத்தேழு. வெள்ளி, முப்பத்தெட்டு. மூன்று நாளும் மூன்றரையிலிருந்து நாலுக்குள் தொடங்கியிருந்தது, அவள் மாடியில் துணி எடுத்துவிட்டு அப்படியே எதிர்வீட்டுப் பெண்ணோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேசுகிற நேரம். பணத்தை எடுத்தாகிவிட்டது, பிறகு எதற்குக் கூப்பிட்டான்? வைப்புத்தொகைக்குக் குறி வைத்திருப்பான் என்றாள் தேன்மொழி. சரி, அவன் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. இவர் எதற்கு எடுத்தார், எடுத்து நாற்பத்தோரு நிமிஷம் என்ன செய்தார்? நாற்பத்தோரு நிமிஷத்துக்கு அவரிடம் பேச்சு ஏது? கேட்டுப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கமா கோபமா என்று சொல்ல முடியாத திருப்பல். எட்டு நாளாக மங்கையர்க்கரசி கறிகாய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த நாற்பத்தோரு நிமிஷத்துக்குள் புகுந்து புகுந்து பார்த்தாள். ஒரு பக்கம் இவர் 'ம்… ம்…' என்று தேடிக்கொண்டிருக்கிறார். மறுபக்கம் ஒருவன் காத்திருக்கிறான். திருடன்தான். ஆனாலும் காத்திருக்கிறான். இந்த வீட்டுக்கு வந்துபோகிற உறவு, ஜனம், அவர்கூட வேலை பார்த்த டிரைவர், பெற்ற பெண், கட்டின பெண்டாட்டி, ஒருத்தர் காத்திருக்கவில்லை. எரிச்சலாக வந்தது. பணம் போனதில் வந்ததை விட இதில் அதிகமாக வந்தது, அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. இன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்ததும் பல்சக்கரத்தை அமுக்கி, கீழே போய், இன்னும் கீழே போய், மகள் பூட்டினதைத் திறந்துவிட்டாள். அவனைத் திட்ட வேண்டும். நாசமாப் போறவனே, வியாதிக்காரன்கிட்ட புடுங்கித் தின்னுறியே, ஒனக்கு அப்பன் இல்லயா. இப்படித் தொடங்குவது என்று வைத்திருந்தாள். பேசினாலே பணம் போய்விடும் என்று மகள் பயமுறுத்தியிருந்தாள். இது தன் கணக்கு நம்பரோடு சேர்ந்த போன் இல்லையே, இல்லை, இது அவருடையதுதான், சேர்ந்ததுதான், ஆனால் வங்கியில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள், பேச்சு வழியாகப் பணம் எப்படிப் போகும், போகாது. ஞாயிறுக்கு ஒரு பாதி மாத்திரை குறைந்தது. தரையில் தேடினாள்.

மூன்று நாற்பத்திரண்டுக்குத் துண்டின் மேல் போன் நடுங்கியது. சத்தமே இல்லை. பெயர் இல்லாத அந்த நம்பர். கடைசி மூன்று எண்ணைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மங்கையர்க்கரசி எடுத்துக் காதில் வைத்தாள். தொண்டையில் வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"ஐயா, வணக்கம். பிரகாஷ் பேசறேன்யா."

இளவட்டக் குரல். நன்றாக வளர்ந்த பிள்ளையின் குரல்.

"ஐயா? ஒரு வாரமா லைனே கெடைக்கல, என்னமோ ஏதோன்னு நெனச்சேன். ஒடம்பு சௌக்கியமா? மாத்திரையெல்லாம் போடறீங்களா?"

அவள் மூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

"இருக்கீங்க. மூச்சு கேக்குது. சொல்லுங்கய்யா. அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க."

பிறகு அவன் காத்திருந்தான். சுவர்க்கடிகாரத்தில் நொடிமுள் ஒரு சுற்று வந்தது. அவன் இருக்கிற இடத்தில் நிறையக் குரல்கள் கேட்டன, எல்லாம் மரியாதையான குரல்கள், சார், மேடம், அம்மா, கல்யாண வீட்டுப் பந்தி விசாரிப்பு மாதிரி. ஒரு தம்ளர் மேசையில் வைக்கிற ஓசை. அவன் இருமவில்லை, ஹலோ ஹலோ என்று கத்தவில்லை, பெருமூச்சு விடவில்லை. முள் இரண்டாவது சுற்றில் பாதிக்கு வந்தது. இத்தனை பெரிய இடைவெளியை யாரும் தனக்குக் கொடுத்ததே இல்லை என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். இதில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கிணற்றில் விழுந்த பசுமாட்டைப் பற்றிச் சொல்லலாம். வயிற்றில் கயிறு கட்டித் தூக்கினார்கள், மேலே வந்ததும் அது ஒன்றுமே நடக்காதது போலச் சுவரோரம் போய்ப் புல்லைக் கடித்தது, அதுதான் அன்றைக்கு அவள் சொல்ல வந்தது. இரண்டு தோசையைப் பற்றிக்கூடச் சொல்லலாம். இவன் கேட்பான். கேட்டுவிட்டு, சரிங்க, அப்புறம் என்பான். இப்படித்தானே அவருக்கும் இருந்திருக்கும்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களாய்யா?" குரல் தணிந்தது. "இருந்தா ஒரு தடவ இருமுங்க, நான் அப்புறம் கூப்பிடறேன். அம்மாதான் ஒங்கள ஒரு வார்த்த முழுசா சொல்ல விடறதில்லயே. நாம அப்படியா? எவ்ளோ நேரம் ஆனாலும் கேக்கறேன்ல?"

"அவரா சொன்னாரு அத?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

அந்தப் பக்கம் ஒரு கணம் வெறும் பந்தி இரைச்சல்.

"யாருங்க பேசறது?"

"அந்த அம்மாதான். அவரா சொன்னாரா, நீயா கண்டுபுடிச்சியா? சொல்றதுக்கு அவருக்கு எவ்ளோ நேரமாச்சு?"

அவள் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். குழாயை மாற்றித் திறந்தது போல அவன் குரல் மாறியது. "மேடம், பென்ஷன் பிரிவுலேர்ந்து பேசறோம், ஐயாவோட வைப்புத்தொகை ரசீதுல ஒரு சின்ன விவரம் விட்டுப்போயிருக்கு, அத மட்டும்…" வேகமாக, மூச்சு விடாமல், நடுவில் ஒரு சொல் நுழைய இடம் இல்லாமல் பேசினான். அவளுக்கு அப்போது விளங்கியது. காத்திருப்பது இவனுக்கு வேலை. தூண்டில்காரன் காத்திருக்கிற மாதிரி. பேச வேண்டிய இடத்தில் பேசுகிறான், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறான், இரண்டுக்கும் சம்பளம் உண்டு போலிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது.

"இந்த நம்பரப் புகார்ல குடுத்தாச்சு. ரசீது கிசீது ஒண்ணும் கெடைக்காது," என்றாள். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வை."

வைத்துவிட்டான். அவள் திருப்பி அடித்துப் பார்த்தாள், தொடர்பு கொள்ள இயலவில்லை என்று ஒரு பெண் பதிவுக்குரலில் சொன்னாள். தயார் செய்து வைத்திருந்த வசவில் ஒன்றைக்கூடத் திட்டவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பல்சக்கரத்தை அமுக்கினாள், கீழே போனாள், இன்னும் கீழே போனாள், பழையபடி பூட்டினாள். இந்தத் தடவை கை தடுமாறவில்லை. இன்றைக்கு வந்த அழைப்பை, நேரத்தோடு, புகார் எழுதின தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள், திங்கட்கிழமை ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். தேன்மொழியிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் கத்துவாள். சொல்லத்தான் வேண்டும். அம்மாதான் ஒரு வார்த்தை முழுசாகச் சொல்ல விடுவதில்லை. அவர் சொல்லியிருந்தால் அதற்கு எத்தனை நிமிஷம் பிடித்திருக்கும், இருபத்தேழு நிமிஷமும் அதற்கே போயிருக்குமோ, அல்லது அவர் ஒன்றுமே சொல்லாமல் அவன் எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்கிறானோ, எல்லா வீட்டிலும் இது பொருந்திவிடுமோ. அவரிடமே கேட்கலாம். கேட்டால் அவர் பதிலைத் தேடுவார், அதற்குள் இல்லைதானே என்று அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. வேட்டியை இடது கையால் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் தலையணைக் கோட்டோடு, அவள் கையிலிருந்த போனையே பார்த்தார்.

"தி…" என்றார்.

திருப்பிக் குடு. அதுதான், வேறென்ன. அவள் நாக்கு நுனியில் அந்தச் சொல் ஏற்கெனவே வந்து நின்றது, வாயைத் திறந்தால் விழுந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தி… தி…" அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண் மேலே போய் உத்தரத்தில் எதையோ தேடியது. தெருவில் தக்காளி வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது, கிலோ இவ்வளவு என்று நாலு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. மனசுக்குள் பத்து முடிந்து இன்னொரு பத்தும் முடிந்துவிட்டது. எண்ணுவதை விட்டுவிட்டு அவர் வாயை மட்டும் பார்த்தாள். ஒருத்தர் சொல்லைத் தேடும்போது பார்த்துக்கொண்டு நிற்பது, உடை மாற்றும்போது பார்த்துக்கொண்டு நிற்பது போலக் கூச்சமாக இருந்தது. ஓ, அதனால்தான் எல்லாரும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்களா. அவர் இரண்டு தடவை வழி தவறி, ஒரு தடவை 'திருவிடைமருதூர்' என்று வந்துவிட, எரிச்சலோடு கையை உதறி அதைத் தள்ளினார்.

"திட்… திட்ட… ணும்."

"யார, என்னையா?"

அவர் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார். விரல் போனைக் காட்டியது. "அ… வன."

மங்கையர்க்கரசி அவரையே பார்த்தாள். "நாப்பத்தோரு நிமிஷம் எடுத்து வச்சுக்கிட்டு இருந்தீங்களே. இதுக்கா? அவனத் திட்டறதுக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினார். மூன்று நாளும்? மூன்று நாளும். பணம் போனது அவருக்கு அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படித்திருப்பார், படிக்கத்தான் முடிகிறதே. அவர் உதட்டைத் தட்டிக் காட்டினார். "வ… வரல," என்றார்.

நாற்பத்தோரு நிமிஷம். இவர் ஒரு வசவைத் தேடிக்கொண்டிருக்க, அவன் ஏதோ ஓர் எண் வரப்போகிறது என்று ஐயா நிதானமாச் சொல்லுங்க, ஐயா நிதானமாச் சொல்லுங்க என்று அந்தப் பக்கம் தவம் கிடந்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்வரை வந்து நின்றது, ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை. அவர் முகம் வேலை பாக்கி இருக்கிற ஆளின் முகம். எட்டு நாளாக ஜன்னல் ஓரத்தில் அவர் ஏங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்ததும், அதற்காகப் பரிதாபப்பட்டதும், ஒரு திருட்டுப் பயல் மேல் பொறாமைப்பட்டதும், இதையெல்லாம்கூட அவளாகத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"இப்ப கூப்டான்," என்றாள். "நான்தான் எடுத்தேன். இனிமே கூப்பிட மாட்டான். கூப்பிட்டாலும் அடிக்காது, மறுபடியும் பூட்டிட்டேன்."

அவர் தோள் தொய்ந்தது.

"வந்து உக்காருங்க. அவன்கிட்ட சொல்ல இருந்தத எங்கிட்ட சொல்லுங்க." மாத்திரை டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். கத்தரிக்கோலை எடுத்து அதன் மேல் வைத்தாள். "எனக்கு ஒரு வேலையும் இல்ல."

வேலை இருந்தது. மாடியில் துணி எடுக்க வேண்டும், காப்பி போட வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். வலது கையை இடது கையால் எடுத்து வைத்தார். எதிரே அவன் நிற்கிற மாதிரி சுவரைப் பார்த்தார். மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடியும் இழுத்தார். 'எ' என்று தொடங்கி நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. நொடிமுள் சுற்றிக்கொண்டிருந்தது, அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெயில் ஜன்னல் கம்பி வழியாக மாத்திரை டப்பாவரை வந்து ஏறியது. எச்சில் ஒரு பக்கமாக வழிந்ததை அவரே துடைத்துக்கொண்டார். அவள் துடைக்கப் போன கையைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். மாடியில் துணி காய்ந்து சுருண்டிருக்கும்.

"எறங்குடா," என்றார். பின்படிக்கட்டிலிருந்து டிரைவர் காதுவரைக்கும் போகிற குரலில், தங்குதடையில்லாமல், முழுசாக. "எறங்குடா கீழ."

சொன்னதைக் கேட்டு அவரே திடுக்கிட்ட மாதிரி இருந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.